நம்பாதவன் பட்டினி

குத்தூசியை நாக்கில் தொட்டுத் தோலில் இறக்கும்போதெல்லாம் முர்ரா யாரையாவது வைதான். வையப்படுகிறவர் எதிரே இருக்க வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை. பெரும்பாலும் தானிய வியாபாரிகள். சில நாள் தன் மனைவியின் அண்ணன் ஹர்மலா. தோல் கெட்டியாக இருந்து ஊசி வளைந்துவிட்டால், எப்போதோ செத்துப்போன அந்த ஒட்டகத்தையே வைவான். "உயிரோட இருந்தப்ப ஒருத்தனையும் ஏற விட்டிருக்க மாட்ட. செத்தும் இந்தப் பிடிவாதமா?" பிறகு நரம்பு நூலைப் பல்லால் கடித்து அறுப்பான். அறுத்து அறுத்து முன்பல்லில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது.

அவன் தைத்தது தண்ணீர்த் துருத்திகள், பயணத்தில் தண்ணீர் சுமக்கும் தோல்பைகள். வாங்குவதற்கு ஆளில்லாத துருத்திகள். ஹாஷிம் குலத்தோடும் முத்தலிப் குலத்தோடும் இனிக் கொள்வதில்லை, விற்பதில்லை, பெண் எடுப்பதில்லை, கொடுப்பதில்லை என்று மக்காவின் மற்றக் குலங்கள் கூடித் தோலில் எழுதி, அந்த எழுத்தைக் கஅபாவுக்குள் தொங்கவிட்டு அது இரண்டாவது குளிர்காலம். இரண்டு குலமும் ஊரோரத்து மலையிடுக்கில் ஒதுங்கிக் கிடந்தன. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஹாஷிம் குலத்தில் பிறந்த ஒருவர், இறைவன் ஒருவனே என்றார். கஅபாவைச் சுற்றி நிற்கும் சாமிகள் கல்லும் மரமும்தான் என்றார். செத்தவர்கள் ஒருநாள் எழுப்பப்படுவார்கள், செய்ததற்குப் பதில் சொல்வார்கள் என்றார். அவரை எங்களிடம் ஒப்படையுங்கள் என்றது ஊர். குலத்துப் பெரியவர் முடியாது என்று சொல்லிவிட்டார்.

முர்ரா, ஹாஷிமுக்குப் பங்காளியான முத்தலிப் குலத்தான். ஐம்பது தாண்டியவன். அந்த ஒருவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவன் நம்பவில்லை. நம்பாமலே பட்டினி கிடந்தான்.

அதை யாராவது சுட்டிக்காட்டினால் அவனுக்குக் கோபம் வரும். "அவர் பொய் சொல்ற ஆளு இல்ல. அது எனக்கும் தெரியும், அவரைத் துரத்தறவனுக்கும் தெரியும். ஆனா செத்தவன் எந்திரிச்சு வருவான்னு சொன்னா நான் எப்படி நம்பறது? நம்பல. அதுக்காக எங்க வீட்டு ஆளை வெளியாளு கேட்டா தூக்கிக் கொடுத்துடறதா? இன்னைக்கு அவரைக் கேப்பான். நாளைக்கு என் தங்கச்சியைக் கேப்பான்." இதைச் சொல்லிவிட்டு ஊசியை இன்னும் அழுத்திக் குத்துவான்.

வேலங்காய்ச் சாற்றில் தோல் ஊறவைத்து ஊறவைத்து அவன் கை இரண்டும் முழங்கை வரை பழுப்பேறியிருந்தன. கழுவினாலும் போகாத பழுப்பு. எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் செருப்பைப் பார்ப்பான். வாரை இழுத்துப் பார்த்து, "இதை எவன் தைச்சான்? அவன் கையை ஒடிக்க" என்பான். அதன் பிறகுதான் நலம் விசாரிப்பான். கோடைக்கும் குளிருக்கும் ஒரே சால்வை. தூங்கும்போது குத்தூசியைத் தலைமாட்டில் மண்ணில் குத்தி வைத்திருப்பான். சிறுபிள்ளைகளோடு வாய் ஓயாமல் வம்பளப்பான். ஆனால் கைக்குழந்தையை மட்டும் தூக்க மாட்டான். கைக்கறை ஒட்டிவிடும் என்று சொல்லிக்கொள்வான்.

குலதெய்வம் ஒன்றும் அவனோடு மலையிடுக்குக்கு வந்திருந்தது. முழங்கை நீள மரச்சாமி. அவன் அப்பா கொடுத்தது. தினமும் காலையில் அதற்கு விரல்நுனி அளவு எண்ணெய் தடவுவான். முதல் குளிர்காலத்தில் எண்ணெய் தீர்ந்தது. அப்புறம் விறகு தீர்ந்தது. ஒருநாள் அடுப்பில் தண்ணீர் கொதிக்காமல் அடம்பிடிக்க, அவன் சாமியைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "இத்தனை வருஷமா நான் தடவின எண்ணெய் உனக்குள்ளதான இருக்கு? வேற ஒண்ணும் தரல. சூடாவது குடு." சொல்லிவிட்டு அடுப்புக்குள் வைத்தான். எண்ணெய் குடித்த மரம் நன்றாகவே எரிந்தது. அந்த ஒருவரின் வழியில் சேர்ந்திருந்த அவனுடைய தங்கை ஜுமானா பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் விரலை நீட்டினான். "ஒரு வார்த்தை பேசாத. நான் உன் பக்கம் வரல. எனக்குக் குளிருது, அவ்வளவுதான்."

அடுப்பில் கொதித்தது தோல். இடம்பெயர்ந்தபோது எல்லோரும் மாவும் பேரீச்சையும் சுமந்துவந்தார்கள். முர்ரா தன் கிடங்கிலிருந்த தோல்களைச் சுமந்துவந்தான். அப்போது சிரித்தவர்கள் பிறகு அவன் கூடாரத்து வாசலில் வந்து நின்றார்கள். எந்தத் தோலைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது என்பது அந்த மலையிடுக்கில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். வேலங்காய்ப் பதம் போட்டதைத் தின்றால் குடல் இறுகிச் செத்துவிடுவார்கள். உப்புப் போட்டு உலர்த்தி வைத்திருந்த பச்சைத்தோல் ஆகும். இரண்டு நாள் ஊறவைத்து, மயிரைச் சுரண்டி, தணலில் வாட்டி, கல்லில் வைத்து நசுக்கி, கொதிக்கவிட்டால் பசை மாதிரி ஒன்று வரும். அதை அவன் உள்ளங்கை அளவில் துண்டு போட்டுக் கொடுப்பான். துருத்திக்கு அளவெடுப்பது போலவே ஓரம் பிசகாமல் வெட்டுவான். வயிற்றுப் பக்கத்துத் தோல் மெல்லியது என்பதால் அதைப் பல்லில்லாதவர்களுக்கு ஒதுக்கிவைப்பான். "மெதுவா மெல்லு. அவசரப்படாத. உனக்கு வேற எங்கயும் விருந்து இல்ல."

ஜுமானா அவனுக்குப் பதினைந்து வயது இளையவள். நான்கு வருடத்துக்கு முன்பே அந்தப் புதிய வழியில் சேர்ந்துவிட்டவள். அவளைக் கட்டியிருந்தவன் வேறு குலம். பெண் கொடுப்பதில்லை எடுப்பதில்லை என்ற எழுத்து தொங்கவிடப்பட்ட அன்றைக்கே, அவனுடைய அண்ணன்மார் அவனை வாசலில் நிறுத்தி, அவளை விலக்கிவிட்டதாகச் சொல்ல வைத்தார்கள். அப்போது அவள் நான்கு மாதக் கர்ப்பிணி. மகள் ரைத்தா இந்த மலையிடுக்கில்தான் பிறந்தாள். ஒரு வயது கடந்தும் அவளால் நிற்க முடியவில்லை. தலை பெரிதாகவும் கால் ஈர்க்கு மாதிரியும் இருந்தன. முர்ரா தைக்கும் இடத்தில் அவளைக் கிடத்திவிட்டுப் போவாள் ஜுமானா. அவன் தோல் வாரை நீட்டுவான். ரைத்தா அதைப் பிடித்துச் சப்பிக்கொண்டு, அவன் வசவுகளை ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டு கிடப்பாள்.

அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சென்றால் சண்டைதான். நம்பிக்கையாளர்கள் காலையிலும் மாலையிலும் வரிசையாக நின்று வணங்குவார்கள். முன்பு அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஓர் ஆள் குலத்துப் பெண்களுக்கு முன்வரிசையில் நிற்பான். அவன் தோளோடு தோள் இடிக்க முத்தலிப் குலத்து இளைஞன் ஒருவன் நிற்பான். முர்ராவுக்கு இது பொறுக்காது.

"அவனுக்கும் நமக்கும் ஒரே வரிசையா?"

"நெத்தியை மண்ணுல வைச்சா எல்லா முதுகும் ஒரே உசரம்தான் அண்ணே."

"பேச மட்டும் நல்லாக் கத்துக்கிட்ட. சரி, இதுக்குப் பதில் சொல்லு. உரிச்ச தோலைத் திரும்ப ஆட்டுக்கு மாட்ட முடியுமா? நான் முப்பது வருஷமா உரிக்கறேன். ஒரு ஆடும் திரும்பி வந்து என் தோல் எங்கன்னு கேக்கல."

ஜுமானா அவன் மடியில் கிடந்த பழைய துருத்தியைத் தூக்கிக் காட்டினாள். "இது பிரிஞ்சு போனதுதானே? திரும்ப நீதான தைச்ச? முதல்ல தைச்சவனுக்கு மறுபடி தைக்கறது கஷ்டமில்லன்னு நீயே எத்தனை தரம் சொல்லியிருக்க."

அவன் துருத்தியைப் பிடுங்கிக்கொண்டான். "போய்ப் பிள்ளையைப் பாரு" என்றான். அன்று மாலை வரை வியாபாரிகளுக்கு வசவு இரட்டிப்பாக விழுந்தது.

புனித மாதத்தில் மட்டும் மலையிடுக்கிலிருந்து வெளியே வரலாம். அந்த மாதத்தில் யார் மீதும் யாரும் கை வைக்கக் கூடாது என்பது பழைய வழக்கம். அதை மீற ஊருக்கும் துணிவில்லை. முர்ரா ஆறு துருத்திகளைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனான். ரைத்தாவுக்குப் பால் நின்று இருபது நாளாகியிருந்தது. ஜுமானாவின் மார்பில் ஒன்றுமில்லை. மலையிடுக்கில் இருந்த கடைசி ஆடும் வற்றிவிட்டது.

சந்தையில் அவன் துருத்தியைத் தொட்டுப் பார்க்கக்கூட ஒருவரும் வரவில்லை. வெளியூர் ஒட்டகக்காரன் ஒருவன் மட்டும் தையலைத் தடவிப் பார்த்து வியந்தான். பக்கத்திலிருந்தவன் காதில் ஏதோ சொன்னதும் கையை எடுத்துக்கொண்டான். முர்ரா பிறகு தானியக் கடைக்குப் போனான். ஆறு துருத்திக்கு ஒரு படி வாற்கோதுமை மாவு கேட்டான். ஐந்து பேர் இல்லை என்றார்கள். ஆறாவது ஆள் மாவுச் சாக்கின் வாயை அவன் கண்ணெதிரே கட்டினான்.

ஹர்மலா அங்கேதான் இருந்தான். மனைவியின் அண்ணன். முர்ராவைவிடப் பத்து வயது மூத்தவன். சந்தை நடுவே வந்து மச்சினனின் முழங்கையைப் பிடித்து ஒரு சுவரோரமாக இழுத்துப்போனான்.

"என்ன மாப்ள இது, பாதி ஆளா ஆயிட்ட."

"மீதியைத் தின்னுட்டோம்."

"சிரிக்காத. நான் சொல்றதைக் கேளு. நீ அவங்க வழியில இல்ல. ஊருக்கே தெரியும். கஅபா வாசல்ல நின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. 'அவங்க வேற, நான் வேற'ன்னு. அன்னைக்கே உனக்குக் கடை திறந்துடும். என் வீட்டுலயே வந்து தங்கு. அர்வா இருக்கா, உனக்கு ரொட்டி சுட்டுப் போடுவா."

"அர்வா வரச்சொன்னாளா?"

ஹர்மலா தரையைப் பார்த்தான். "அவ எப்ப உன்னைப் பத்திப் பேசியிருக்கா?"

மலையிடுக்குக்குப் போகும்போது மனைவியை அவள் அண்ணன் வீட்டிலேயே இருக்கச் சொன்னவன் முர்ராதான். அவள் வேறு குலம், பட்டினி கிடக்க வேண்டியதில்லை. அவளும் சரி என்று சொல்லிவிட்டாள். அழவில்லை, அவன் பின்னால் வரவும் இல்லை.

"வார்த்தை சொல்லிட்டா, திரும்ப அங்க போகலாமா? சாப்பாடு எடுத்துட்டு?"

"அது எப்படி? வேற வேறன்னு சொன்னப்புறம் அங்க என்ன வேலை?"

"தங்கச்சியோட குழந்தை ஒண்ணு இருக்கு மச்சான். ஒரு படி மாவு மட்டும் குடு. நான் ஒண்ணும் சொல்லாமப் போயிடறேன். நீ குடுத்ததா யாருக்கும் தெரியாது."

ஹர்மலா கெட்டவன் இல்லை. நாலாபுறமும் பார்த்தான். கடைக்காரர்கள் இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்னால முடியாது. எனக்கும் பிள்ளைங்க இருக்கு. என்னையும் உங்களோட சேர்த்துடுவாங்க." சொல்லிவிட்டு வேகமாக நடந்தான். பத்தடி போய்த் திரும்பி, "யோசிச்சுப் பாரு" என்றான்.

முர்ரா கொஞ்சநேரம் அங்கேயே நின்றான். கஅபா வாசல் அங்கிருந்து நாற்பதடி. பிறகு தானியச் சாக்குகள் இறக்கும் இடத்துக்கு வந்து துருத்திகளைத் தரையில் போட்டான். குந்தினான். ஒட்டகக் கால்பட்ட புழுதியில் சிந்திக் கிடந்த வாற்கோதுமை மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான். எவன் செருப்பையும் குறை சொல்லாமல் விடாத முர்ரா, எல்லோருடைய செருப்புகளுக்கும் நடுவே தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினான். யாரோ சிரித்தார்கள். யாரோ அவன் கைக்கு எட்டாதபடி காலால் புழுதியைத் தள்ளிவிட்டார்கள். அன்று அவன் யாரையும் வையவில்லை. ஒரு கைப்பிடி சேர்ந்ததும் சால்வை முனையில் முடிந்துகொண்டு எழுந்தான்.

ஜுமானா அதைக் கழுவி, மென்று, கூழாக்கி, ரைத்தாவின் வாயில் வைத்தாள். குழந்தை அதை விழுங்கவில்லை. கடைவாயில் வழிந்தது. திரும்பத் திரும்ப வைத்தாள். "முழுங்கு கண்ணு. மாமா கொண்டாந்தது. முழுங்கு." மறுநாள் வெயில் மலைமுகட்டில் ஏறிய நேரத்தில் குழந்தை போய்விட்டது. அழுகைகூட இல்லை. அழுவதற்கு வேண்டிய பலம் அதனிடம் முன்பே தீர்ந்துவிட்டிருந்தது.

கிண்ணத்துத் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். ஜுமானா தன் முக்காட்டில் பாதியைக் கிழித்துச் சுற்றினாள். குழி வெட்ட வேண்டியவன் தாய்மாமன். முர்ரா தோல் சுரண்டும் இரும்பை எடுத்துக்கொண்டு மலைச்சரிவுக்குப் போனான். கல்மண். சுரண்டிச் சுரண்டி அரைப்பகல் ஆயிற்று. முடித்துவிட்டுக் குழியின் விளிம்பில் உட்கார்ந்தான். ஜுமானா குழந்தையோடு வந்து நின்றாள். கூட வந்தவர்கள் அவளுக்கு இடம்விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

"வாங்கிக்க அண்ணே."

அவன் கையை நீட்டவில்லை. "நல்லாப் பாத்தியா?"

"என்னத்தை?"

"மூச்சு. நல்லாப் பாத்தியா?"

"விடிஞ்சதுலேருந்து மடியிலதான வைச்சிருக்கேன்."

"மறுபடி பாரு."

அவள் பார்க்கவில்லை. அவனே எழுந்து வந்து, தொங்கவிட்டிருந்த கையைத் தூக்காமலே, குழந்தையின் மூக்கருகே கன்னத்தைக் கொண்டுபோனான். அப்படியே நின்றான். எடுத்துவிட்டு மீண்டும் கொண்டுபோனான். நான்காவது முறை ஜுமானா அவன் தோளைப் பிடித்தாள்.

"என்ன பண்ற நீ? போதும்."

அவன் குழியைப் பார்த்துக்கொண்டே பேசினான். வழக்கமான குரல் இல்லை.

"உனக்கு அப்ப பத்து, பன்னெண்டு வயசு. மழை இல்லாத வருஷம். அர்வாவுக்குப் பொண்ணு பிறந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

"காய்ச்சல்ல போயிடுச்சுன்னு சொன்னீங்க."

"காய்ச்சல் இல்ல."

ஜுமானா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"ரெண்டு பேருக்கே சாப்பாடு இல்ல. அதுல பொண்ணு வேற. எல்லாரும் பண்றதுதானேன்னு சொன்னாங்க. ஊருக்கு மேற்கால இருக்கற குன்றுக்குத் தூக்கிட்டுப் போனேன். தூங்கிட்டிருந்தா. இதைவிட நல்லா வெட்டினேன் குழியை. உள்ள வைச்சேன். அப்பவும் தூங்கிட்டுத்தான் இருந்தா. முதல் கை மண்ணு போட்டேன். மூக்குல போயிடுச்சு போல." அவன் நிறுத்தினான். "தும்மினா."

சரிவில் காற்று வீசிக்கொண்டிருந்தது. கீழே யாரோ அடுப்பு ஊதும் சத்தம் கேட்டது.

"தும்மினா ஜுமானா. நான் கையை நிறுத்தல."

ஜுமானா குழந்தையின் மேல் துணியை இன்னும் இழுத்துவிட்டாள். பிறகு மிகவும் மெதுவாகச் சொன்னாள். "அப்படிப் புதைச்ச பிள்ளைங்ககிட்டயே கேப்பாங்கன்னு எங்களுக்குச் சொல்லியிருக்கு. எந்தத் தப்புக்காக உன்னைக் கொன்னாங்கன்னு, செத்தவங்களை எழுப்பற நாள்ல, அவங்ககிட்டயே."

"தெரியும். நீங்க ஓதறது என் கூடாரத்துக்குக் கேக்கும்." அவன் இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். "உன் வழிக்கு வந்தா பழசெல்லாம் மன்னிச்சுடுவாங்களாமே. நிஜமா?"

"மனசார வந்தா மன்னிப்பான். அப்படித்தான் நம்பறோம்." குழந்தையைப் பிடித்திருந்த கையில் ஒன்றை எடுத்து அவன் சால்வையைப் பற்றினாள். "வா அண்ணே. வந்துடு."

"மன்னிச்சுட்டா அவகிட்டக் கேக்க மாட்டாங்களா?"

ஜுமானாவின் கை அவன் சால்வையிலிருந்து நழுவியது.

"கேக்கலேன்னா அவ எப்படிச் சொல்லுவா? தும்மினதை யார்கிட்டப் போய்ச் சொல்லுவா? அர்வாகூட என்னை ஒரு வார்த்தை கேக்கல. வெறுங்கையோட வீட்டுக்கு வந்தேன். கையைப் பாத்தா, திரும்பிக்கிட்டா. அன்னையிலேருந்து இன்னைவரைக்கும் எதையுமே கேக்கல." பழுப்புக் கையால் மூக்கைத் துடைத்தான். "வேண்டாம். நான் வரல. அவ சொல்லட்டும். நான் நின்னு கேக்கறேன்."

"அப்ப, எழுப்புவாங்கன்னு நம்பறியா?"

"தெரியாது. எழுப்பினா நல்லதுன்னு இருக்கு."

அதன் பிறகு அவன் குழந்தையை வாங்கிக்கொண்டான். ரைத்தாவைத் தன் கையில் அவன் ஏந்தியது அதுதான் முதல் தடவை. குழிக்குள் தானே இறங்கி அவளைக் கிடத்தினான். மண்ணை இரும்பால் தள்ளவில்லை. கையால் அள்ளிக் காலிலிருந்து ஆரம்பித்து மெல்ல மெல்லப் போட்டு வந்தான். முகம் வரும்போது நிறுத்திக் காத்திருந்தான். தள்ளி நின்றவர்கள் அழைத்தும் அவன் அசையவில்லை. கடைசியில் ஜுமானாதான் குனிந்து அந்த மண்ணைப் போட்டாள்.

அதற்குப் பின் ஓராண்டுக்கும் மேல் அவர்கள் அங்கே இருந்தார்கள். முர்ரா துருத்தி தைத்தான். தோல் தீர்ந்ததும் தைத்த துருத்திகளைப் பிரித்தான், மறுபடி தைத்தான். நம்பிக்கையாளர்கள் வணங்க நிற்கும்போது அவன் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டான். ஆனால் அவர்களோடு சேரவும் இல்லை. ஓதும் சத்தம் வரும்போது ஊசியை நிறுத்திக் கேட்பான், முடிந்ததும் ஊசியை நாக்கில் தொடுவான். ஜுமானா அவனை மறுபடி அழைக்கவில்லை. அவன் கூழ்க்கிண்ணத்தில் தன் பங்கிலிருந்து கொஞ்சம் ஊற்றுவாள், அவன் பார்க்காத நேரத்தில். அவன் பார்த்தால் வைவான்.

மூன்றாவது வருடம், எதிர்த்தரப்பிலேயே சிலருக்கு மனம் உறுத்தியது. பிள்ளைகள் பசியில் கத்துவது இரண்டு வருடமாக ஊருக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவர்கள் எழுந்து சபையில் நியாயம் கேட்டார்கள். எழுத்தைக் கிழிக்கக் கஅபாவுக்குள் போனபோது, அதைக் கரையான் அரித்துத் தின்றிருந்தது என்றார்கள். இறைவன் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது என்றார்கள். மலையிடுக்கில் இருந்தவர்கள் அழுதார்கள், வணங்கினார்கள். முர்ராவிடம் ஓடிவந்து சொன்னார்கள். அவன் பல்லில் கடித்திருந்த நூலை எடுத்துவிட்டு, "யாரு பதம் போட்ட தோலு அது?" என்று மட்டும் கேட்டான்.

வெளியேறிய காலையில் வழி கொள்ளாத கூட்டம். நடக்க முடியாதவர்களை முதுகில் சுமந்தார்கள். ஊர்ப் பக்கத்திலிருந்து ரொட்டி சுடும் வாசனை வந்தது. ஒரு முதியவர் அந்த வாசனையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜுமானா சரிவிலிருந்த சின்ன மண்மேட்டைத் தொட்டுவிட்டுக் கடைசியாக இறங்கினாள். அண்ணனைத் தேடினாள். கூட்டத்தில் அவன் இல்லை. ஹர்மலா வீட்டுப் பக்கம் போயிருப்பான் என்று சொன்னார்கள். அங்கே போய்ப் பார்த்தாள். அர்வா வாசலில் நின்றிருந்தாள், கையில் ரொட்டி. முடி முழுக்க நரைத்திருந்தது.

"அண்ணன் வந்தாரா?"

அர்வா தலையசைத்தாள். இல்லை. ரொட்டி இருந்த கையால் மேற்குப் பக்கமாகக் காட்டினாள். "அந்த வழியா போனாரு. நான் கூப்பிடல."

ஜுமானா மேற்கே நடந்தாள். கால் வலுவில்லாமல் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. குன்று வெறுமையாகக் கிடந்தது. இருபத்துநான்கு வருட மழையும் வெள்ளமும் அங்கே அந்தச் சின்னக் குழியின் எந்தக் குறியையும் மிச்சம் வைத்திருக்கவில்லை. சரிவெங்கும் கல், முள், ஆட்டுப் புழுக்கை. ஏறி வந்தவள் மேலே பார்த்து நின்றாள். முகட்டுக்குச் சற்றுக் கீழே முர்ரா மண்டியிட்டிருந்தான். இரண்டு கையும் தரையில் ஊன்றியிருந்தன, முதுகு வளைந்து, தலை மண்ணில் பட்டிருந்தது.

அந்த வணக்க நிலையில் அவனைப் பார்க்க அவள் ஆறு வருடமாக வேண்டிக்கொண்டிருந்தாள். "அண்ணே!" என்று கத்திக்கொண்டே, முள்ளில் துணி கிழிய, கல்லில் கால் இடற, மூச்சு வாங்க ஓடினாள்.

அருகே வந்த பிறகுதான் தெரிந்தது. நெற்றி தரையைத் தொடவே இல்லை. அவன் தலையைத் திருப்பிக் காதை மண்ணோடு அழுத்தி வைத்திருந்தான். கண் மூடியிருந்தது. அவள் காலடி கேட்டதும், தலையைத் தூக்காமலே, ஒரு கையை மட்டும் உயர்த்தி அவளை அங்கேயே நிறுத்தினான்.